‘தி டெவில்ஸ் நீடில்’: மார்ஃபீன், காதல், குற்றம் கலந்த ஒரு மௌனப்படம்

கேள்வி இது: மௌனப்பட நாயகன் வாலஸ் ரீட், அபினிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபீன் பழக்கத்தில் சிக்கி இறந்த பிறகு, அவர் மனைவியே அந்த விஷயத்தைப் படமாக எடுத்தாராம். அதை இன்று பார்க்க முடியுமா? முடியாதென்றால் போதை, காதல், குற்றம் மூன்றும் சேர்ந்த அந்தக் காலத்துப் படம் வேறு எது? அவையெல்லாம் வெறும் பிரச்சாரம்தானா?

முதல் பாகத்துக்குப் பதில் வருத்தமானது. 1923-ல் வந்த அந்தப் படம், ‘ஹியூமன் ரெக்கேஜ்’, தொலைந்துபோய்விட்டது. சில புகைப்படங்களும் விளம்பரங்களும் அன்றைய விமர்சனங்களும்தான் மிச்சம். ஆனால் அதற்கு ஏழு வருடம் முன்னால், 1916-ல், அதே விஷயத்தைத் தொட்ட ஒரு படம் தப்பிப் பிழைத்திருக்கிறது: ‘தி டெவில்ஸ் நீடில்’. பிசாசின் ஊசி. செஸ்டர் வித்தி இயக்கியது. நார்மா டால்மட்ஜ், டல்லி மார்ஷல், மார்கரீட் மார்ஷ் நடித்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். நீங்கள் கேட்ட மூன்றும் அதில் இருக்கின்றன.

பிரச்சாரமா என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. இந்தப் படம் காதல் கதையாகத் தொடங்கிக் குற்றக் கதையாக முடிகிறது. பார்க்கிறவர்களுக்கு இரண்டு தனிக் கதைகளை ஒட்டவைத்தது போலத் தோன்றும். எனக்கு அது ஒட்டாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் மார்ஃபீன் பழகியவர் நோயாளியாக இருந்த நிலை போய்க் குற்றவாளியாக மாறியது அந்தச் சில வருடங்களில்தான். கதை நடுவில் திரும்புகிற திருப்பமும் அதே திருப்பம்தான்.

கதையைச் சொல்கிறேன். ஜான் ஓர் ஓவியர். ரெனே அவருக்கு மாடலாக நிற்கும் பெண். அவளுக்கு ஏற்கெனவே ஊசிப் பழக்கம் உண்டு. அவர்மேல் ஆசையும் உண்டு. ஜான் விரும்புவதோ வின் மார்ட்டிமர் என்ற பணக்கார வீட்டுப் பெண்ணை. வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வின் ஜானோடு போய்விடுகிறாள். திருமணம் ஆகிறது. பிறகு ஓவியருக்குக் கை ஓடவில்லை, வேலை நகரவில்லை. ரெனேயின் ஊசி கற்பனையைக் கொண்டுவரும் என்று நம்பி அதைத் தொடுகிறார். கொஞ்ச நாள் கொண்டுவருகிறது. பிறகு அது இல்லாமல் தூரிகையே எடுக்க முடியாது என்றாகிறது. குடும்பம் உடைகிறது. தான் செய்த காரியத்தைக் கண்ணெதிரே பார்த்த ரெனே முதலில் தன்னை மீட்டுக்கொண்டு, பிறகு ஜானை மீட்க முனைகிறாள். ஜான் கிராமத்துப் பண்ணைக்குப் போய் உடலைத் தேற்றிக்கொள்கிறார். இதற்கிடையில் வின் நகரத்தின் சேரிப் பகுதியில் ஒரு கும்பலிடம் மாட்டிக்கொள்ள, ஜான் போய்ச் சண்டை போட்டு அவளை மீட்பதோடு படம் முடிகிறது.

இந்தச் சுருக்கத்தைக் கேட்டால் நூறு படங்களில் பார்த்த கதை மாதிரி இருக்கும். ஆனால் ரெனேயைக் கவனியுங்கள். ஊசியை அறிமுகப்படுத்தியவள் அவள். நாயகனின் மனைவியல்ல, அவன்மேல் ஆசை வைத்த இன்னொரு பெண். அந்தக் காலத்து மெலோடிராமா இலக்கணப்படி இப்படிப்பட்டவள் ஒன்று கடைசிச் சுருளில் சாக வேண்டும், இல்லையென்றால் கெட்டவளாகவே மறைய வேண்டும். இங்கே எல்லாருக்கும் முன்னால் பழக்கத்திலிருந்து வெளியே வருகிறவள் அவள்தான். நாயகன் மீள்வதற்கு வழி காட்டுகிறவளும் அவளே. கெடுத்தவளும் காப்பாற்றியவளும் ஒரே பெண். பழகியவர் மீளலாம், மீண்டவர் இன்னொருவரைக் கைதூக்கி விடலாம் என்பதை 1916-லேயே ஒரு வணிகப் படம் ஒரு பெண் பாத்திரத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. பிறகு வந்த பல போதைப் படங்களில் இந்தப் பெருந்தன்மை காணாமல் போனது.

ரெனேயாக நடித்த நார்மா டால்மட்ஜுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த ஆண்டே அவர் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்கைத் திருமணம் செய்துகொண்டு, தன் பெயரிலேயே பட நிறுவனம் வைத்து, 1920-களின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானார். அந்தப் பளபளப்புக்கு முந்திய நடிப்பு இது. ஆடம்பரம் இல்லை. முகத்தில் பெரிய சேட்டை எதுவும் செய்யாமல், தான் விரும்பும் ஆள் வேறொருத்தியைப் பார்ப்பதை ஓரமாக நின்று பார்க்கும் பெண்ணாக அவர் படத்தைத் தாங்குகிறார். அடுத்தவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தை நடிக்கத் தெரிந்தவர் அவர். மௌனப்படத்தில் அது பாதி வேலை.

டல்லி மார்ஷல் இதற்கு நேர் எதிர். மேடையில் ஊறியவர், 1864-ல் பிறந்தவர். கதைநாயகன் வேடம் போட்டபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஒல்லியான உடம்பு, நீண்ட முகம், குழிந்த கண். காதல் நாயகனுக்குரிய தோற்றமே இல்லை. பிறகு ஏன் அவர்? கிளைட் ஃபிட்ச் எழுதி, அவர் இறந்தபின் 1909 டிசம்பரில் நியூயார்க்கில் மேடையேறிய ‘தி சிட்டி’ நாடகத்தில், போதைக்கு அடிமையாகி மிரட்டிப் பணம் பறிக்கும் ஹன்னாக் என்ற பாத்திரத்தை ஏற்றவர் மார்ஷல். அந்த நடிப்பு அன்று பெரிய பேச்சானது. அந்தப் பெயர் திரைக்கும் கூடவே வந்தது. அதே 1916-ல் இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ படத்தில் பாபிலோனைக் காட்டிக்கொடுக்கும் தலைமைப் பூசாரியும் இவர்தான்.

‘தி டெவில்ஸ் நீடில்’ முழுக்க மார்ஷலின் கைகளைப் பாருங்கள். நடிப்பு முகத்தில் இருப்பதைவிட அங்கேதான் அதிகம். ஊசிக்கு முன் ஒரு விதம், ஊசிக்குப் பின் ஒரு விதம், கிடைக்காதபோது ஒரு விதம். சில இடங்களில் மிகையாகத்தான் இருக்கும். மேடையின் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று பழகிய உடம்பு அது. ஆனால் அவர் வெளிக்காட்டும் படபடப்பைப் பலர் சிரிப்பதற்குரியதாக நினைப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றி எடுத்தார்கள். பொதுவாக வினாடிக்கு 16 முதல் 20 சட்டகம் (ஃபிரேம்) வரை. பேசும்படம் வந்ததும் அது 24 ஆக நிலைத்தது. பழைய படத்தைத் திருத்தாமல் 24-ல் ஓட்டினால் எல்லாரும் ஓடி ஓடி நடப்பார்கள், கைகள் வெட்டி வெட்டி ஆடும். அது நடிகரின் குற்றமல்ல. இணையத்தில் சுற்றும் பல பிரதிகளில் இந்தக் கோளாறு உண்டு. வேகத்தைச் சரிசெய்த பிரதியில் பார்த்தால் மார்ஷல் வேறு நடிகராகத் தெரிவார்.

இனி அந்தக் காலத்துக்கு வருவோம். இது தெரியாமல் படத்தின் பாதி பிடிபடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் மார்ஃபீன் பழகியவர் என்றால் மனக்கண்ணில் வரவேண்டியது ரவுடி அல்ல. பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து வெள்ளைக்காரப் பெண். வலிக்கோ தூக்கமின்மைக்கோ மருத்துவர் கொடுத்த ஊசியிலிருந்து தொடங்கியவர். மருந்துக் கடையில் அபினும் மார்ஃபீனும் சாதாரணமாகக் கிடைத்தன. அழும் குழந்தையை அடக்க வீடுகளில் ஊற்றிய ‘மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ என்ற திரவத்தில் மார்ஃபீன் இருந்தது. 1906-ல் வந்த உணவு, மருந்துச் சட்டம் புட்டியின் மேல் உள்ளிருப்பதை அச்சிட வேண்டும் என்றது. அவ்வளவுதான், விற்பனைக்குத் தடை இல்லை.

தலைகீழானது ஹாரிசன் சட்டத்தால். 1914 டிசம்பரில் கையெழுத்தாகி, 1915 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. பார்வைக்கு வரிச் சட்டம். அபின், கோகெயின் சார்ந்த பொருள்களைக் கையாள்கிறவர்கள் பதிவுசெய்து ஆண்டுக்கு ஒரு டாலர் கட்ட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். ஆனால் அரசு அதைப் பயன்படுத்திய விதத்தில் மருத்துவர்கள் பயந்துபோனார்கள். பழகிய ஒருவருக்கு அந்தப் பழக்கத்தைத் தொடர்வதற்காக மட்டும் மார்ஃபீன் எழுதிக்கொடுப்பது மருத்துவம் ஆகாது என்று 1919-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நேற்றுவரை மருந்துக் கடைக்குப் போனவர் இன்று தெருமுனைக்குப் போக வேண்டும். அங்கே விற்பவன் யார், என்ன விலை சொல்வான், பதிலுக்கு என்ன கேட்பான் என்பதெல்லாம் வேறு உலகம்.

‘தி டெவில்ஸ் நீடில்’ வெளியானது அந்தச் சட்டம் அமலுக்கு வந்து ஒன்றரை வருடத்துக்குள். ஓவியரின் மாடி அறையில் தொடங்கும் கதை சேரியின் கும்பலிடம் போய் முடிவதை வெறும் விறுவிறுப்புக்காகச் சேர்த்தது என்று சொல்லிவிடலாம். அதிலும் உண்மை இருக்கிறது, டிக்கெட் விற்க வேண்டுமே. இருந்தாலும் அந்த மாடி அறைக்கும் அந்தச் சேரிக்கும் நடுவே அப்போதுதான் ஒரு பாதை திறந்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையப்பகுதித் தெருக்களிலேயே படப்பிடிப்பு நடத்தியிருக்கிறார்கள். ஸ்டுடியோ அரங்குகளிலிருந்து கேமரா வெளியே வரும்போதெல்லாம் படத்துக்கு மூச்சு வருகிறது. அந்தத் தெரு நிஜமாகவே இருந்தது, அந்த வியாபாரமும் நிஜமாகவே இருந்தது என்ற உணர்வு கிடைக்கிறது.

இந்தப் படத்தைத் தயாரித்தது டிரையாங்கிள் நிறுவனத்தின் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிவு. கிரிஃபித்தின் மேற்பார்வையில் நடந்த இடம். அதே இடத்திலிருந்து, அதே ஆண்டு, சில வாரங்களுக்கு முன்னால் வந்தது ‘தி மிஸ்டரி ஆஃப் தி லீப்பிங் ஃபிஷ்’. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த இரண்டு சுருள் நகைச்சுவைப் படம். அவர் ஏற்ற துப்பறிவாளரின் பெயரே கோக் என்னிடே. எந்த நாளும் கோகெயின் என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது. மார்பில் தோட்டா வார் மாட்டுவதுபோல ஊசிகளைக் கோத்து வைத்திருக்கிறார். மேசைமேல் கோகெயின் என்று பெரிய எழுத்தில் ஒட்டிய டப்பா. சுவரில் ஒரு கடிகாரம். அதில் மணிக்குப் பதிலாகச் சாப்பாடு, தூக்கம், குடி, போதை என்று நான்கே நேரம். அபின் கடத்தும் கூட்டத்தை அவர் போதையிலேயே துள்ளிக்குதித்துப் பிடிக்கிறார், காதலியையும் அடைகிறார். இந்தக் கதையை எழுதியவர் பிற்காலத்தில் திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற டாட் பிரவுனிங்.

ஒரே கூரையின்கீழ், ஒரே ஆண்டில், ஊசி சிரிப்புப் பொருளாகவும் இருந்தது, குடும்பத்தை அழிக்கும் பிசாசாகவும் இருந்தது. சமூகம் இன்னும் ஒரு முடிவுக்கு வராத நேரம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த நகைச்சுவைப் படத்தில் நடித்த இரண்டு பெண்களைப் பாருங்கள். நாயகி பெஸ்ஸி லவ். ஏழு வருடம் கழித்து ‘ஹியூமன் ரெக்கேஜ்’ படத்தில் கைக்குழந்தையோடு மார்ஃபீனில் மூழ்கிய ஏழைத் தாயாக நடித்தார். இன்னொருவர் ஆல்மா ரூபன்ஸ். பிறகு முன்னணி நடிகையாகி, நிஜமாகவே போதைப் பழக்கத்தில் சிக்கி, சிகிச்சையும் மீள்வதும் மறுபடி விழுவதுமாகப் போராடி, 1931 ஜனவரியில் முப்பத்து மூன்று வயதில் இறந்தார். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கடிகாரக் காட்சியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இன்னும் முன்னால் போக விரும்பினால், கிரிஃபித் பயோகிராஃப் நிறுவனத்துக்காக 1912-ல் எடுத்த ‘ஃபார் ஹிஸ் சன்’ இருக்கிறது. ஒரே சுருள், கால் மணி நேரம். மகனின் ஊதாரிச் செலவுக்குப் பணம் தேடும் ஒரு மருத்துவர், கோகெயின் கலந்த குளிர்பானம் ஒன்றைக் கண்டுபிடித்து விற்கிறார். பெயர் டோப்போகோக். ஊரே குடிக்கிறது. மகனும் குடிக்கிறான். நிச்சயித்த பெண் அவனை விட்டுப் போகிறாள். அவனைப்போலவே அந்தப் பானத்தில் சிக்கிய, அப்பாவின் அலுவலகப் பெண்ணோடு அவன் ஓடிப்போகிறான். சேர்ந்து வாழ்வதற்கு அந்த இருவருக்கும் இருக்கும் ஒரே பந்தம் கோகெயின்தான். போதைக்கும் காதலுக்கும் உள்ள உறவைப் பற்றி மௌனப்படம் சொன்ன மிகக் கசப்பான விஷயம் அதுதான் என்பேன். பணக்காரனாக்க நினைத்த மகனைத் தந்தையே கொன்றுவிடுகிறார். அங்கே குற்றவாளி, சட்டப்படி தொழில் நடத்தும் மரியாதைக்குரிய மருத்துவர். 1912-ல் அப்படிச் சொல்ல முடிந்தது. சில வருடங்களில் பழி முழுக்கத் தெருவியாபாரி மேல் போய்விட்டது.

இப்போது வாலஸ் ரீட். 1891-ல் பிறந்தவர். பாரமவுண்ட் படங்களின் செல்லப்பிள்ளை. கார் பந்தயப் படங்களால் இளைஞர்களைக் கட்டிப்போட்டவர். 1919-ல் ‘தி வேலி ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ படப்பிடிப்பின்போது ரயில் விபத்தில் பலத்த காயம். படம் நிற்கக் கூடாது. வலி தெரியாமல் நடிக்க மார்ஃபீன் கொடுத்தார்கள். படம் முடிந்தது, ஊசி முடியவில்லை. அடுத்த மூன்று வருடமும் அவர் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தார். கூடவே குடியும் சேர்ந்தது. 1922 கடைசியில் சிகிச்சை இல்லத்தில் சேர்த்தபோது உடம்பில் ஒன்றும் இல்லை. 1923 ஜனவரி 18 அன்று இறந்தார். வயது முப்பத்தொன்று.

அவர் மனைவி டாரதி டேவன்போர்ட்டும் நடிகை. கணவர் உயிரோடு இருக்கும்போதே பத்திரிகைகளிடம் உண்மையைச் சொன்னார். நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிள் மீதான வழக்கும் இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரின் கொலையும் ஹாலிவுட்டின் பெயரைக் கெடுத்திருந்த நேரம் அது. தொழிலின் மானத்தைக் காக்க வில் ஹேஸை 1922-ல் தயாரிப்பாளர்கள் தங்கள் சங்கத்தின் தலைமைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ‘என் கணவர் நோயாளி’ என்று வெளிப்படையாகச் சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! போதைப் பொருளைத் திரையில் தொட வேண்டாம் என்பதே அன்றைய போக்காக இருந்தும், இவருக்கு மட்டும் ஹேஸ் அலுவலகத்தின் இசைவு கிடைத்தது. தாமஸ் இன்ஸ் தயாரிக்க, ஜான் கிரிஃபித் ரே இயக்க, அதே ஆண்டு ஜூனில் ‘ஹியூமன் ரெக்கேஜ்’ வெளியானது. மிசஸ் வாலஸ் ரீட் என்ற பெயரிலேயே அவர் நடித்தார்; படத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். லாஸ் ஏஞ்சலஸ் மேயர் ஜார்ஜ் கிரையர்கூடப் படத்தில் தோன்றினார்.

அதில் ஜேம்ஸ் கர்க்வுட் ஏற்றது ஒரு வழக்கறிஞர் வேடம். வேலைச் சுமையில் நைந்துபோனவரை மார்ஃபீனுக்குள் இழுத்துவிடுவது அவருடைய மருத்துவ நண்பர். போதையின் சின்னமாகக் கழுதைப்புலி ஒன்றைத் திரையில் உலவவிட்டார்கள். பழகியவன் கண்ணுக்குத் தெரு எப்படித் தெரியும் என்று காட்ட, கட்டடங்களைக் கோணலும் மாணலுமாக, அன்றைய ஜெர்மன் படங்களின் பாணியில் அமைத்தார்கள். இதையெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. பிரிட்டனில் தணிக்கை வாரியம் படத்தைத் திரையிடவே விடவில்லை. இந்தப் படத்தின் பிரதி எங்காவது ஒரு நாட்டின் ஆவணக் காப்பகத்தில் தவறான பெயரோடு கிடக்காதா என்று நினைக்காத மௌனப்பட ரசிகர் இருக்க மாட்டார். நானும் நினைக்கிறேன்.

‘தி டெவில்ஸ் நீடில்’ பிழைத்ததற்கும் ரீட் சாவுக்கும் தொடர்பு உண்டு. அந்தச் சாவு நாடெங்கும் பேச்சாக இருந்தபோது, பழைய படத்தைத் தூசிதட்டி, மறுபடி வெட்டி ஒட்டி, 1923-ல் திரும்பவும் வெளியிட்டார்கள். இன்று நமக்கு இருப்பது அந்த மறுவெளியீட்டுப் பிரதி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காப்பாற்றி வைத்தது. 1916-ல் பார்வையாளர்கள் பார்த்த அதே வடிவம் இது அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மரணத்தைக் காசாக்க நினைத்த வியாபாரம்தான். ஆனாலும் அந்த வியாபாரம் நடக்காமல் இருந்திருந்தால் படமே நம்மிடம் வந்திருக்காது.

பிரதியின் நிலையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய ஃபிலிம் நைட்ரேட். நாளாக ஆகத் தானாகவே சிதையும். படலம் கொப்புளித்து, உருகி, கடைசியில் பொடியாகும். இந்தப் படத்திலும் சில பகுதிகளில் சிதைவு ஏறியிருக்கிறது. வெள்ளைக் கறைகள் நடிகர்களின் முகத்துக்குக் குறுக்கே நெளிந்து ஓடும், சில விநாடிகள் ஆளே தெரியமாட்டார். எரிச்சலடைந்து நிறுத்திவிடாதீர்கள். கண் பழகிவிடும்.

குறைகளும் இருக்கின்றன. பண்ணைக்காற்றும் மண்வேலையும் மார்ஃபீனை விரட்டிவிடும் என்று படம் நம்புகிறது. நகரம் கெடுக்கும், கிராமம் தேற்றும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம். சில நாள் மருந்தில் பழக்கத்தை உடம்பிலிருந்து கழுவி எடுத்துவிடலாம் என்று நியூயார்க்கில் சார்லஸ் டவுன்ஸ் போன்றவர்கள் மருத்துவமனை நடத்திய காலம் அது என்பது இன்னொரு பக்கம். நிறுத்தும்போது உடம்பு படும் வேதனையைப் படம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் மீண்டவர் மறுபடி விழுவதைப் பற்றி, ஆல்மா ரூபன்ஸின் வாழ்க்கை காட்டியதைப் பற்றி, அதற்கு எதுவும் தெரியவில்லை. வின் பாத்திரம் எனக்கு ஏமாற்றம். வீட்டை எதிர்த்துக் காதலனோடு வந்தவளுக்கு, பிற்பாதியில் மாட்டிக்கொள்வதைத் தவிர வேறு வேலையே தரவில்லை. இறுதிச் சண்டையில் படம் தன் விஷயத்தையே மறந்துவிடுகிறது; யார் யாரை அடித்தார்கள் என்பதே கதையாகிவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் இது தன் காலத்தைவிட நேர்மையானது. அன்றைய அமெரிக்கப் படங்களிலும் பத்திரிகைகளிலும் போதை என்றாலே சைனாடவுன், அபின் கிடங்கு, சீன வில்லன். சட்டம் கொண்டுவரப் பாடுபட்டவர்களும் சீனர்கள் மீதும் கறுப்பினத்தவர் மீதும் இருந்த வெறுப்பைத் தூண்டித்தான் ஆதரவு திரட்டினார்கள். இந்தப் படத்தில் ஊசி வருவது வெளியிலிருந்து ஓர் அந்நியன் கையால் அல்ல. தினமும் அதே அறையில் நிற்கும், அன்பு வைத்திருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து. பழக்கம் பெரும்பாலும் அப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது.

பிறகு நடந்தது மௌனம். 1927-ல் ஹேஸ் அலுவலகம் வெளியிட்ட தவிர்க்க வேண்டியவை பட்டியலில் போதைக் கடத்தல் இடம்பெற்றது. 1930-ன் தயாரிப்பு விதிகள் அதை உறுதிசெய்தன. 1934-லிருந்து அந்த விதிகள் கறாராக அமலாயின. பெரிய நிறுவனங்கள் இந்த விஷயத்தைக் கைகழுவின. விதிகளுக்கு வெளியே சில்லறைக் காசு தேடிய தயாரிப்பாளர்கள் கையில் அது விழுந்தது; பயமுறுத்தலும் கிளுகிளுப்பும் கலந்த படங்கள் வந்தன. 1955-ல் இயக்குநர் ஆட்டோ பிரெமிஞ்சர், போதைக்கு அடிமையானவரைப் பற்றிய ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்தை அனுமதி முத்திரை இல்லாமலே வெளியிட்டு ஓட்டிக்காட்டிய பிறகுதான், அடுத்த ஆண்டு விதியைத் தளர்த்தினார்கள். அதாவது மௌனப்படங்கள் பேசிய விஷயத்தைப் பேசும்படங்கள் இருபது வருடத்துக்கு மேல் பேச முடியவில்லை.

ஆகவே பிரச்சாரமா என்ற உங்கள் கேள்விக்கு: ஆம், பிரச்சாரம் இருக்கிறது. காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளில் உபதேசம் வரும். சில அட்டைகள் ஒரு பத்தி நீளம்கூட இருக்கும். ஆனால் உபதேசம் அட்டையில் ஓடும்போது, நடிகர்களின் உடம்பு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அட்டை பயமுறுத்துகிறது, நார்மா டால்மட்ஜின் முகம் பரிதாபப்பட வைக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள்தான் படத்தின் நல்ல இடங்கள்.

பார்க்க நினைத்தால் முதலில் ‘ஃபார் ஹிஸ் சன்’, அடுத்து ‘லீப்பிங் ஃபிஷ்’, மூன்றாவதாக ‘தி டெவில்ஸ் நீடில்’ என்று ஒரே மாலையில் முடித்துவிடலாம். மூன்றும் சேர்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. மூன்றுமே காப்புரிமைக் காலம் முடிந்தவை. ‘தி டெவில்ஸ் நீடில்’ படத்துக்கு மட்டும் கீனோ நிறுவனம் 2012-ல் வேறு இரண்டு மௌனப்படங்களோடு சேர்த்து வெளியிட்ட வட்டைத் தேடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு மங்கலான பிரதியில் பார்த்துவிட்டு மார்ஷல் மோசமான நடிகர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.